தூரத்தை உண்டாக்கியவர்கள் யார்?

இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டின் வரவு செலவை முடிவு செய்யும் மாசி, பங்குனி மாதங்களில் ஒரே குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப எழும். வீதியெல்லாம் குழி, நூலகத்துக்குப் பூட்டு, முதியோர் பராமரிப்புக்குக் காசில்லை. ஏன் என்று கேட்டால், சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் டாக்சிச் செலவைக் காட்டுகிறார்கள். கவுன்சிலர்கள் சொல்வதை நாளிதழ்கள் எழுதுகின்றன. ஹரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர் கூடும் கோயில் மண்டபங்களில் அதே பேச்சு தமிழில் நடக்கிறது. "வாசலுக்கே டாக்சி வருதாம், கவுன்சில் காசிலயாம். எங்கட பிள்ளையள நாங்கள்தானே கொண்டுபோய் விட்டனாங்கள்?" இப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் நம்புவது தவறு. ஏற்கெனவே களைத்துப்போன தாய்மாரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்ற அந்தத் தவறு பயன்படுகிறது என்பதால், அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், எதிர்த்தரப்பு சொல்லும் எண்களை நான் மறுக்கவில்லை. பிரித்தானியாவின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-24இல் இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் பள்ளிப் போக்குவரத்துக்குச் செலவிட்டது சுமார் 230 கோடி பவுண். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் 2015-16ஐவிட இது 70 சதவீதம் அதிகம். அதில் பெரும்பங்கு சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கானது. ஏனைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 பவுண் செலவாகும்போது, இப்பிள்ளை ஒன்றுக்கு 8,000 பவுணுக்கும் மேல் போகிறது. இந்தச் செலவு இப்படியே ஏறிக்கொண்டு போக முடியாது என்பதும் உண்மை. அது ஏன் ஏறியது, யார் ஏற்றினார்கள் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு.

அவர்களுடைய முதல் வாதம் இது: பெற்றோர் தங்கள் விருப்பத்துக்குத் தூரத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு வண்டிக்குக் கவுன்சிலிடம் கை நீட்டுகிறார்கள். சட்டத்தை ஒரு தடவை வாசித்தவர் இப்படிச் சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 508பி பிரிவின்படி இலவசப் போக்குவரத்து பொதுவாக, பிள்ளைக்குப் பொருத்தமான பள்ளிகளில் வீட்டுக்கு மிக அருகில் உள்ளதற்குத்தான் உண்டு. பெற்றோர் கேட்கும் பள்ளி அதைவிடத் தூரத்தில் இருந்தால், போக்குவரத்தைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்தப் பள்ளியைப் பிள்ளையின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தில், நம்மவர் 'இ.எச்.சி. பிளான்' என்று சொல்லும் ஆவணத்தில், கவுன்சில் எழுதலாம். பல கவுன்சில்கள் அப்படித்தான் எழுதவும் செய்கின்றன. திட்டம் கையில் இருந்தாலே வண்டி வந்துவிடுவதும் இல்லை. அந்தப் பிள்ளையால் துணையோடும் நடந்துபோக இயலாது என்று காட்ட வேண்டும், அல்லது தூரம் சட்டம் சொல்லும் அளவைத் தாண்ட வேண்டும். 8 வயதுக்குக் கீழ் 2 மைல், அதற்கு மேல் 3 மைல். இந்த அளவு 1944ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இன்று ஒரு பிள்ளை கவுன்சில் செலவில் 12 மைல் பயணம் செய்கிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: அதைவிட அருகில் அந்தப் பிள்ளைக்குப் பொருத்தமான, இடமுள்ள பள்ளி இல்லை என்று கவுன்சிலே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அருகில் ஏன் இல்லை என்ற கேள்வியை நாளிதழ்கள் கேட்பதில்லை. 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் இந்தத் திட்டங்களைக் கொண்டுவந்தது. அவற்றுக்கான உரிமையை 25 வயதுவரை நீட்டித்தது. 2015 ஜனவரியில், இவற்றுக்கு முன் வழங்கப்பட்டுவந்த சிறப்புக் கல்வித் தேவை அறிக்கைகளையும் சேர்த்து, சுமார் 2.4 இலட்சம் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் இத்தகைய ஆவணம் இருந்தது. 2025 ஜனவரியில் 6.38 இலட்சம். தேவை இப்படிப் பெருகியபோது சிறப்புப் பள்ளி இடங்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. பல சிறப்புப் பள்ளிகளில் கட்டிய அளவுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். சேமிப்பறையும் இசை அறையும் வகுப்பாகிவிட்டன. சாதாரணப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களைக் குறைத்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை நான்காம் வகுப்புவரை எப்படியோ சமாளித்து, ஐந்தாம் வகுப்பில் பள்ளி 'எங்களால் முடியாது' என்று கைவிரித்த பிறகு, வேறு மாநகரத்தில் இருக்கும் தனியார் சிறப்புப் பள்ளிக்குப் போகிறது. அந்தத் தூரம் முழுவதும் அப்படித்தான் உண்டானது.

கவுன்சில்களின் மேல் மட்டும் பழியைப் போடுவதும் நியாயமில்லை. 2011ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, புதிய பள்ளி தேவை என்று கண்ட கவுன்சில், தானே நேராக ஒன்றைக் கட்டி நடத்தத் தொடங்க முடியாமல் போயிற்று. முதலில் அகாடமி நடத்துவோரைத் தேட வேண்டியிருந்தது. மத்திய கல்வி அமைச்சின் சம்மதமும் தேவைப்பட்டது. எங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அறிந்த கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கவில்லை. அதிகாரம் இருந்த லண்டன் அமைச்சுக்கு அந்தப் பிள்ளைகளின் முகவரி தெரியாது. இடையில் பத்தாண்டுக்கு மேல் போய்விட்டது.

இதைவிட மோசமானது பணம் வரும் வழி. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கொடுப்பது மத்திய அரசு கல்விக்கென்று ஒதுக்கித் தரும் மானியத்தின் உயர்தேவைப் பங்கு. பிள்ளையை அங்கே கொண்டுபோகும் வண்டிக்குக் கொடுப்பது கவுன்சிலின் பொதுப் பணம். வீதிக்கும் நூலகத்துக்கும் முதியோருக்கும் போக வேண்டிய அதே பணம். ஒரே பிள்ளை, ஒரே முடிவு, ஆனால் இரண்டு பணப்பைகள். அருகில் ஒரு சிறப்பு வகுப்பைத் திறந்தால் மிச்சமாவது பொதுப் பணம். திறக்கச் செலவாவது வேறு பணம். இந்த இரண்டு பைகளையும் ஒரே மேசையில் வைத்து, பள்ளியும் பயணமும் சேர்த்து எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் கடமை எந்த அதிகாரிக்கும் முதன்மையாக இல்லை. உயர்தேவைக் கணக்கிலும் கவுன்சில்களுக்குப் பெரும் பற்றாக்குறை; அதைக் கவுன்சிலின் பொதுக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்க 2028 மார்ச்வரை அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. டாக்சிப் பணத்துக்கு அப்படி ஒதுக்கி வைக்கும் வசதி கிடையாது. அதனால் அந்தச் செலவு மட்டும் எல்லோர் கண்ணிலும் குத்துகிறது. நோய் வேறிடத்தில் இருக்க, காய்ச்சல் அளவைப் பார்த்துவிட்டு வெப்பமானியை உடைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வாதம், பெற்றோரே ஓட்டட்டும், மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம் என்பது. சிக்கனமாகத் தெரிவதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி 10 மைல் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்ப வேண்டும், பின்னேரம் போய்க் கூட்டிவர வேண்டும். நான்கு ஓட்டம், 40 மைல். வரித்துறை ஒப்புக்கொள்ளும் மைலுக்கு 45 பென்ஸ் வீதத்தில் நாளுக்கு 18 பவுண். பள்ளி நாட்கள் 190. ஆண்டுக்கு 3,420 பவுண். நான்கு ஓட்டத்துக்கும் தராமல் பிள்ளை வண்டியில் இருக்கும் இரண்டுக்கு மட்டும் தரும் கவுன்சில்கள் உண்டு. அதை இப்போது விடுவோம். 8,000 பவுண் டாக்சிக்குப் பதில் 3,420 கொடுத்தால் கவுன்சிலுக்கு 4,580 பவுண் லாபம்.

அந்த லாபம் எங்கிருந்து வந்தது? லண்டன் நெரிசலில் 10 மைலுக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். நான்கு ஓட்டத்துக்கு நான்கு மணித்தியாலம். 190 நாளுக்கு 760 மணித்தியாலம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆகக்குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண். அந்த வீதத்தில் பார்த்தால்கூட அந்தத் தாய் சும்மா கொடுக்கும் உழைப்பு ஆண்டுக்கு 9,279 பவுண் பெறும். கவுன்சில் 4,580 பவுணை மிச்சம் பிடிக்க, ஒரு பெண்ணிடமிருந்து அதைவிட இரண்டு மடங்கு உழைப்பு எடுக்கப்படுகிறது. எந்த வரவு செலவிலும் அது எழுதப்படுவதில்லை. காலை ஒன்பதரைக்கு முன் வர முடியாது, பின்னேரம் இரண்டு மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒருவருக்கு எந்தக் கடையில், எந்தப் பராமரிப்பு நிலையத்தில் வேலை கிடைக்கும்? வேலையை விட்டால் பராமரிப்பாளர் உதவித்தொகை உண்டே என்கிறார்கள். அதே ஆண்டில் அது வாரத்துக்கு 83.30 பவுண். அதுவும் அரசாங்கக் காசுதான், வேறு அமைச்சின் கணக்கில். கவுன்சில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை நாடு மறுபக்கத்தால் கொடுக்கிறது. குடும்பம் வறுமைக்குள் போகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது, நம்மவர் பலருக்கு அது தெரியவில்லை. இலவசப் போக்குவரத்துக்கு உரிமையுள்ள பிள்ளைக்கு மைல் பணமோ தனிப் பயணப் பணமோ கொடுத்துக் கவுன்சில் கைகழுவ வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காவிட்டால் கவுன்சிலே வண்டி ஒழுங்கு செய்ய வேண்டும். ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தில் இது எங்கேயோ கீழே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 'உங்கள் பிள்ளைக்குத் தனிப் பயணப் பணம் அனுமதிக்கப்பட்டுள்ளது' என்று வாழ்த்துச் சொல்வதுபோல் கடிதம் தொடங்கும். ஆங்கிலம் சரளமில்லாத அம்மா அதை உத்தரவு என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். இப்படிப் போட்ட பலருக்குப் பிறகு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஊனமுற்ற பிள்ளைக்கு உதவித்தொகை வருகிறது, கார்கூடக் கொடுக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. உதவித்தொகையின் நடமாட்டப் பங்கில் உயர்வீதம் கிடைப்பவருக்குத்தான் அதை விட்டுக்கொடுத்து வாடகைக் கார் எடுக்கும் வழி உண்டு. நடக்கத் தெரிந்த, ஆனால் வீதியில் தனியே விட முடியாத ஆட்டிசப் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பது குறைந்த வீதம். 2025-26இல் வாரத்துக்கு 29.20 பவுண். அந்தப் பணத்தில் கார் வராது.

அரசின் வழிகாட்டியிலேயே எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் இருக்கிறது. பிள்ளை துணையோடு நடந்துபோக முடியுமா என்று பார்க்கும்போது, பெற்றோரின் வேலை நேரத்தையோ வேறு பள்ளியில் படிக்கும் இன்னொரு பிள்ளை இருப்பதையோ மட்டும் வைத்துப் பொதுவாகச் சலுகை கொடுக்க வேண்டியதில்லை என்று 2023இல் வந்த வழிகாட்டி சொல்கிறது. இதை எழுதியவர்கள் எட்டே முக்காலுக்கு இரண்டு பள்ளி வாசல்களில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டிய தாயை நினைத்துப் பார்க்கவில்லை. தகப்பன் இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்திருப்பார். தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்தில்.

இனி, டாக்சி ஆடம்பரம் என்பவர்கள் பார்க்காத இடத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் பதினொரு வயது. பேச்சு இல்லை. காலை ஏழேகாலுக்கு மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, இடக்கால் சப்பாத்தை முதலில் போடுவான். வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கைதான் அவனுக்கு. பழைய ஓட்டுநர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். ஹோர்ன் அடிக்கக் கூடாது, வானொலி போடக் கூடாது, பட்டியைத் தானே மாட்டிக்கொள்ள அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மாதத்தில் படித்துக்கொண்டவர். செப்டெம்பரில் கவுன்சில் ஒப்பந்தத்தைக் குறைந்த விலை கேட்ட வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. கடிதம் பள்ளி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்புதான் வந்தது. புது வண்டி, புது ஓட்டுநர், வாசலில் ஹோர்ன். பையன் கால்மிதியில் குப்புறப் படுத்துவிட்டான். தாய் அவனருகில் நிலத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று வண்டி போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. அந்த மாதத்தில் பாதிக்கு மேல் அவன் பள்ளிக்குப் போகவில்லை. கேட்டதற்குக் கிடைத்த பதில்: வண்டி அனுப்பினோம், பிள்ளை ஏறவில்லை. அந்த நாட்களின் டாக்சிக் காசும் பள்ளிக் கட்டணமும் கட்டப்பட்டுத்தான் இருந்தன. சிக்கனம் என்ற பெயரில் இரண்டையும் வீணாக்கினார்கள்.

ஏன் சில பிள்ளைகளுக்குத் தனி வண்டி, எல்லோரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வலிப்பு வரும் பிள்ளையோடு, கன்னத்தின் உட்புறம் அவசர மருந்து செலுத்தப் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்க வேண்டும். இரைச்சல் தாங்காத பிள்ளையையும் ஓயாமல் சத்தமிடும் பிள்ளையையும் ஒன்றாக ஏற்றினால் இருவருமே அடிபடுவார்கள். ஆறு வீடுகளில் நின்று ஏற்றும் பஸ்ஸில் முதலில் ஏறும் பிள்ளைக்குப் பயணம் ஒன்றரை மணித்தியாலம் ஆகும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 45 நிமிடம், மேல்நிலைப் பிள்ளைக்கு 75 நிமிடம் என்பதே வழிகாட்டி சொல்லும் பொது எல்லை. சேர்த்து ஏற்றக்கூடிய பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றட்டும், அதில் மிச்சமாவது நியாயமான மிச்சம். பதின்வயதில் பஸ்ஸில் தனியே போகப் பழக்கும் பயிற்சியையும் மனமார வரவேற்கிறேன். அது பணத்தை மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை, அந்தப் பிள்ளைக்கு ஊரையே திறந்துவிடுகிறது. ஆனால் அது யாருக்கு முடியும் என்பதைப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எத்தனை வண்டியைக் குறைக்கலாம் என்ற இலக்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனையும் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருக்கிறது. வசதியுள்ளவர் கொடுக்கட்டுமே என்று கேட்க நன்றாக இருக்கிறது. பள்ளிக்கு நாலு மைல் தள்ளிக் கிராமத்தில் இருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளை, வேறு எந்தத் தேவையும் இல்லாவிட்டாலும், தூரத்தின் பேரில் பல தலைமுறைகளாக இலவச பஸ்ஸில் போகிறது. அதற்கு வருமானச் சான்று கேட்க வேண்டும் என்று எவரும் குரல் எழுப்பியதைக் கேட்டதில்லை. பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டாக முன்னிறுத்தப்படுவது சிறப்புப் பள்ளிப் பிள்ளையின் டாக்சிதான். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு 80 பவுண் அபராதம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. வழக்கும் தொடரலாம். அதே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவு, கவுன்சில் தான் செய்ய வேண்டிய போக்குவரத்தைச் செய்யத் தவறியிருந்தால் பெற்றோர் குற்றவாளி இல்லை என்கிறது. வரவைக் கட்டாயமாக்கிய சட்டமே வண்டியையும் அதோடு கட்டி வைத்தது. கடமையை வைத்துக்கொண்டு உரிமையை மட்டும் கழற்ற இடமில்லை.

பதினாறு வயதில் அந்தக் கட்டு அறுந்துவிடுகிறது, இந்த விவகாரத்தில் என்னை மிகவும் கோபப்படுத்துவது அதுதான். 2015 முதல் இங்கிலாந்தில் 18 வயதுவரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் இலவசப் போக்குவரத்துக் கடமை கட்டாயப் பள்ளி வயதோடு முடிகிறது. பதினாறாவது வயதுக்குரிய பள்ளி ஆண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிவரை அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. செப்டெம்பரில் அதே வாசல், அதே பள்ளி, அதே வலிப்பு, வண்டி மட்டும் இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் மே 31க்குள் தன் கொள்கையை வெளியிட வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் கேட்கும் கவுன்சில்கள் இருக்கின்றன. வண்டியை நிறுத்திப் பயணப் பணம் மட்டும் தருபவை இருக்கின்றன. லெஸ்டர்ஷயர் மாவட்ட மன்றம் அப்படி மாற்றியதை எதிர்த்து வழக்குப் போனது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சட்டம் அனுமதிப்பதைத்தான் சொல்ல முடியும். மாற்ற வேண்டியது சட்டத்தையே. வயதெல்லையை 18க்கு உயர்த்திய நாடாளுமன்றம், வண்டியின் எல்லையை 16இல் விட்டுவைத்ததற்கு இந்தப் பிள்ளைகளை மறந்துபோனது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

செலவைக் குறைக்க விரும்பும் கவுன்சிலர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் எல்லைக்குள் 5 மைலுக்கு மேல் பயணம் செய்யும் ஒவ்வொரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் வண்டிச் செலவையும் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சபையில் வையுங்கள். ஒரே தேவையுள்ள எட்டுப் பிள்ளைகள் ஒரே திசையில் போகிறார்கள் என்றால், அவர்களுக்கு உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு சிறப்புப் பிரிவைத் திறக்க எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். அந்தக் கணக்கோடு கல்வி அமைச்சிடம் சண்டை போடுங்கள். அதை விட்டுவிட்டு வரிகொடுப்போரையும் தாய்மாரையும் மோதவிடாதீர்கள்.

தமிழ்ப் பெற்றோருக்கு, இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு மட்டும், ஒரு வார்த்தை. வேல்ஸ், ஸ்கொட்லாந்துச் சட்டங்கள் வேறு. மைல் பணம் வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி மறுக்கப்பட்டால், கடிதம் கிடைத்து 20 வேலை நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் சுயாதீனக் குழுவின் முன் நேரில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போக்குவரத்துக்குச் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. குழு நடைமுறை தவறியிருந்தால் உள்ளூராட்சிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையின் திட்டத்தில் பள்ளியின் பெயர் எழுதியிருக்கும் பகுதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். போக்குவரத்து உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி அங்கே இருந்தால், அடுத்த ஆண்டு மீளாய்வில் அதை முதலில் கேளுங்கள்.